பெயர் தேடும் கணினி எங்கே நேரத்தைத் தொலைக்கிறது?

“தம்பி, ரெண்டு தடவ வந்துட்டீங்க. எங்க அண்ணன் பேரு அதுல இருக்கா, இல்லையா?”

வெலிமடைக்கு அண்மையில் உள்ள தோட்டமொன்றின் லயத்து வாசலில் வைத்து அந்த அம்மா கேட்டார். 1983 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர் அவருடைய அண்ணன். 2009க்குப் பிறகு தகவல் இல்லை.

1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. போரின் இறுதியில் காணாமற்போனவர்களில் அவர்களும் அடக்கம். தேடும் உறவுகள் ஊவாத் தோட்டங்களில் இருக்கிறார்கள், பட்டியல்களிலோ வடக்கு முகவரிகள். இந்த இரண்டையும் ஒப்பிட, பைத்தன் மொழியில் சிறிய நிரலொன்றை நானே எழுதியிருந்தேன். ஒரு பக்கம் குடும்பங்கள் சொன்ன 400 பெயர்கள். மறுபக்கம் பொதுவெளியில் கிடைத்த பட்டியல்களைச் சேர்த்த ஏறத்தாழ 20,000 வரிகள்.

சிக்கல் எழுத்துக்கூட்டலில். செல்வராஜா ஓரிடத்தில் செல்வராசா, இன்னோரிடத்தில் செல்வராஜ். யோகேஸ்வரி, ஜோகேஸ்வரி ஆகிறார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதிந்து திரும்பத் தமிழுக்கு வரும்போது பெயர் இன்னும் மாறுகிறது. எனவே ஒவ்வொரு பெயரையும் எட்டு விதமாக எழுதித் தேடத் திட்டமிட்டேன். 3,200 வடிவங்கள், ஒவ்வொன்றும் 20,000 வரிகளோடு: 6 கோடி 40 இலட்சம் ஒப்பீடுகள். நிரல் மூன்று மணிநேரத்துக்கு மேல் ஓடியது. என் பழைய மடிக்கணினியின் பற்றரி இரண்டு மணிநேரம்கூடத் தாங்காது, மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலுத்துப்போய் எட்டு வடிவங்களை இரண்டாகக் குறைத்தேன். அந்த அம்மாவுக்கு “இல்லை” என்று நான் சொன்ன பதில், அந்த இரண்டு வடிவங்களில் தேடியதன் பதில்.

எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும் பகுதிதான் நேரத்தைத் தின்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் அதைத் திருத்தினேன். வேகம் கூடவேயில்லை. ஊகித்து ஏமாறுவது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1971இல் டொனால்ட் குனுத் ஃபோர்ட்ரான் நிரல்களை அளந்து பார்த்தபோது, நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பொதுவாக ஓடும் நேரத்தின் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வதைக் கண்டார். அந்த 4 சதவீதம் எது என்பதை எழுதியவரே பெரும்பாலும் தவறாகத்தான் ஊகிப்பார்.

அதைக் காட்டும் கருவிதான் புரொஃபைலர். நிரல் ஓடும்போது எந்தப் பகுதி எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கெடுத்து அட்டவணையாகத் தரும். பைத்தனோடு சேர்ந்தே வருவது சீ-புரொஃபைல். தனியாக எதையும் தரவிறக்கத் தேவையில்லை, காசும் இல்லை.

முழுப் பட்டியலையும் ஓட்டாமல் 80 வடிவங்களையும் 2,500 வரிகளையும் மட்டும் கொடுத்தேன். 2 இலட்சம் ஒப்பீடுகள், 40 செக்கன். அட்டவணையில் மூன்று நிரல்களைப் பார்த்தால் போதும் (இவை நெடுக்கு வரிசைகள்). ‘என்கோல்ஸ்’ அழைப்புகளின் எண்ணிக்கை. ‘டொட்டைம்’ அந்தப் பகுதி தானே செலவிட்ட நேரம். ‘கியூம்டைம்’ அது வேலை வாங்கிய மற்றப் பகுதிகளின் நேரத்தையும் சேர்த்தது. கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான இடத்தைத் திருத்தப் போவோம்.

நான் சந்தேகித்த ஒப்பிடும் பகுதிக்கு 9 செக்கன்தான். பெயரைச் சீராக்கும் பகுதியின் கியூம்டைம் 29 செக்கன், ஆனால் அதன் டொட்டைம் வெறும் 5. மிச்சம் 24 செக்கன் எங்கே? அடுத்த வரிகளில் இருந்தது: கோப்பைத் திறத்தல், வாசித்தல். எழுத்து மாற்ற அட்டவணை இருந்த கோப்பை, ஒவ்வொரு பெயரைச் சீராக்கும்போதும் நிரல் புதிதாகத் திறந்திருக்கிறது. என்கோல்ஸ் 4 இலட்சம். உண்மையில் இருந்த பெயர்களோ 2,580.

கொழுந்து பறிக்கிறவர் ஒவ்வொரு கைப்பிடிக்கும் மலையிறங்கி மடுவத்தில் நிறுத்துவிட்டு வந்தால் எப்படியிருக்கும்? பறிக்கும் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. நான் இரண்டு நாளாகச் செய்தது அதைத்தான்.

கோப்பை ஒரே தடவை வாசிக்கவும், சீராக்கிய பெயரைச் சேமித்து வைக்கவும் நான்கு வரிகள் மாற்றினேன். 40 செக்கன் 11 ஆனது. முழுப் பட்டியலும், எட்டு வடிவங்களோடு, ஒரு மணிநேரத்துக்குள் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரொஃபைலர் ஒவ்வோர் அழைப்பையும் எண்ணுவதால் நிரலைத் தானும் தாமதப்படுத்தும். சிறிய பகுதிகள் அடிக்கடி அழைக்கப்பட்டால் அவற்றின் நேரம் கூடுதலாகத் தெரியும். ஆகவே திருத்தியபின் அது இல்லாமலும் ஓட்டி, சாதாரணக் கடிகாரத்தால் அளக்க வேண்டும்.

இன்னும் வேகம் வேண்டுமா என்று நண்பர் ஒருவர் வழி சொன்னார்: முதலெழுத்து ஒன்றாக உள்ள பெயர்களை மட்டும் ஒப்பிடு, சில நிமிடங்களில் முடியும். உண்மைதான். ஆனால் யோகேஸ்வரியும் ஜோகேஸ்வரியும் சந்திக்கவே மாட்டார்கள். புரொஃபைலர் அந்த மாற்றத்தைப் பாராட்டியிருக்கும், ஏனெனில் அதற்கு நேரம் மட்டுமே தெரியும், விடுபட்ட பெயர் தெரியாது. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

எட்டு வடிவத் தேடலில், முன்பு வராத சில பெயர்கள் வந்தன. அந்த அம்மாவின் அண்ணனுடைய பெயரோடு ஒத்துப்போவது அவற்றில் ஒன்று. தகப்பன் பெயர் உள்ள இடத்தில் ஒரேயொரு முதலெழுத்து மட்டும் இருக்கிறது. அவருக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. தாத்தாவின் பெயரைத் தோட்டத்துப் பதிவில் எப்படி எழுதினார்கள் என்று கேட்க, அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன்.