தண்ணிக்குள்ளே பாட்டு கேட்க ஆசையா? காசும் பத்திரம், காதும் பத்திரம்!

சென்னை, மே 14-

நேரம் மாலை 5-30 மணி. நகரில் உள்ள ஒரு திறந்தவெளி நீச்சல் குளம். பத்துப் பதினைந்து பேர் நீந்திக் கொண்டிருந்தார்கள்.

திடீரென்று வானம் இருட்டியது. இடி இடித்தது. மின்னல் பளிச்சிட்டது.

கரையில் நின்ற காவலர் விசில் ஊதினார். "எல்லோரும் மேலே ஏறுங்க! சீக்கிரம்!" என்று கத்தினார்.

அடித்துப் பிடித்துக் கொண்டு எல்லோரும் கரை ஏறினார்கள். ஒருவரைத் தவிர!

அவர் பாட்டுக்கு நீந்திக் கொண்டிருந்தார். உண்மையிலேயே 'பாட்டு'க்குத்தான்! இரண்டு காதையும் அடைத்தபடி ஒரு பாட்டுக் கருவி. விசிலும் கேட்கவில்லை, இடியும் கேட்கவில்லை.

கடைசியில் நீளமான மூங்கில் கழியால் தோளில் தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்த அவர், காதில் இருந்ததைக் கழற்றி விட்டு, "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார்!

மின்னல் நேரத்தில் தண்ணீரில் இருப்பது உயிருக்கே ஆபத்து. அன்று நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை.

20 தடவை போய் வரணும்

நீந்தும்போது பாட்டு எதற்கு என்று கேட்கலாம். நீந்துகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995-ம் ஆண்டு சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. அங்கே பெரிய குளத்தின் நீளம் 50 மீட்டர். ஒரு கிலோ மீட்டர் நீந்த வேண்டுமானால் 20 தடவை நீளவாக்கில் கடக்க வேண்டும். 25 மீட்டர் குளம் என்றால் 40 தடவை!

பார்க்க வேடிக்கை கிடையாது. பேச ஆள் கிடையாது. அடியில் இருக்கும் கோட்டைத்தான் பார்த்துக் கொண்டு போக வேண்டும். பாட்டு இருந்தால் பொழுது போகும்.

முக்கினா நிக்குது!

பாரிமுனையில் வேலை பார்க்கும் 45 வயது குமாஸ்தா ஒருவர், முட்டி வலிக்காக டாக்டர் சொல்லி நீந்தப் போகிறவர். 3 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு புளூடூத் ஹெட்செட் வாங்கினார்.

அவர் நமது நிருபரிடம் கூறியதாவது:-

"வாட்டர் புரூப்னு கடையில சொன்னாங்க சார். பெட்டி மேலயும் அப்படித்தான் போட்டிருந்தது. செல்போனை கரையில வச்சிட்டு தலையை உள்ளே விட்டேன். பாட்டு நின்னு போச்சு! தூக்கினா பாடுது, முக்கினா நிக்குது. நாலாம் நாள் தூக்கினாலும் பாடலே! கேரண்டி கேட்டா, தண்ணி பட்டா கேரண்டி கிடையாதுங்கறாங்க. வீட்டுல இன்னும் விலையைச் சொல்லலே."

இவர் ஒருவர் மட்டும் அல்ல. இப்படிக் காசைக் குளத்தில் விட்டவர்கள் பலர்.

எங்கே தவறு நடந்தது? அண்ணா சாலை ரிச்சி தெருவில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவரிடம் கேட்டோம். "மூணே மூணு கேள்வி கேட்டுட்டு வாங்கினா ஏமாற வேண்டியதில்லை" என்றார் அவர்.

முதல் கேள்வி: பாட்டு எங்கே இருக்கு?

புளூடூத் என்பது ரேடியோ அலை. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருவது. காற்றில் பத்து மீட்டர் தாராளமாக வரும். தண்ணீரோ இந்த அலையை உறிஞ்சி விடும். சில அங்குலம் போவதற்குள் அலை செத்து விடும்.

ஆகவே கரையில் உள்ள செல்போனில் இருந்து, தண்ணீருக்குள் இருக்கும் காதுக்குப் பாட்டு வராது. கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சரி!

பாட்டு கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். 'எம்.பி.3' பாட்டுகளை ஏற்றி வைக்க அதிலேயே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 4 ஜி.பி. இருந்தால் சுமார் ஆயிரம் பாட்டு பிடிக்கும்.

இதிலும் ஒரு சிக்கல். மாதச் சந்தா கட்டிப் பாட்டு கேட்கும் 'ஆப்'களில் 'டவுன்லோட்' செய்த பாட்டு, அந்த 'ஆப்'பில் மட்டும்தான் பாடும். அதை எடுத்து இதில் போட முடியாது. கையில் சொந்தமாக எம்.பி.3 பாட்டு இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நம்பர் என்ன?

"வாட்டர் புரூப்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். பெட்டியில் 'ஐ.பி.' என்று ஆரம்பிக்கும் நம்பரைப் பாருங்கள். 'ஐ.பி.'க்குப் பிறகு முதல் எண் தூசுக்கு. இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. தூசுக்கு எண் தராவிட்டால் அந்த இடத்தில் 'எக்ஸ்' போடுவார்கள்.

* தண்ணீர் எண் 4 என்றால் தெறிக்கும் தண்ணீர் தாங்கும். வியர்வை, தூறலுக்குச் சரி. குளத்துக்கு ஆகாது.

* 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும்.

* 8 என்றால் அதற்கும் மேலே. எத்தனை மீட்டர், எத்தனை நேரம் என்பதைக் கம்பெனிக்காரர்களே சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனை எல்லாம் ஆடாமல் அசையாமல் நிற்கும் நல்ல தண்ணீரில் நடப்பது. குளோரின் கலந்த குளத்தில், சுவரை உதைத்துக் கொண்டு பாய்கிற வேகம் வேறு! எனவே எண் 8 இருந்தால் மட்டும் போதாது. "நீந்தலாம்" என்று கம்பெனி எழுத்தில் சொல்லி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: காதா? எலும்பா?

கருவிகளில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, காதுக்குள் அடைப்பது. சோனியின் டபிள்யூ.எஸ்.413 வாக்மேன் இந்த வகை. 4 ஜி.பி. கொண்டது. உப்புத் தண்ணீரிலும் 2 மீட்டர் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்லி இருக்கிறது. பாட்டு கணீரென்று கேட்கும். ஆனால் ரப்பர் சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் புகுந்தால் சத்தம் மங்கி விடும். சரியாகப் பொருந்தினாலோ, வெளிச் சத்தம் குறைந்து விடும்!

இன்னொன்று, எலும்பு வழியாகக் கேட்பது. கருவி காதின் முன்னால் எலும்பில் உட்காரும். அதன் அதிர்வு எலும்பு வழியாக உள்காதுக்குப் போகும். காது திறந்தே இருக்கும். பினிஸ் கம்பெனியின் 'டியோ' நீச்சல் கண்ணாடி வாரில் மாட்டுவது. ஷாக்ஸ் கம்பெனியின் 'ஓப்பன் ஸ்விம்' பின் தலையைச் சுற்றி வருவது. இரண்டும் 4 ஜி.பி. 'ஓப்பன் ஸ்விம் புரோ'வில் 32 ஜி.பி. அதில் புளூடூத்தும் உண்டு. ஆனால் அது கரையில் கேட்கத்தான். தண்ணீரில் எம்.பி.3-தான்.

காதை அடைத்துக் கொண்டால் எலும்பு வழிப் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். அதற்காகப் பலர் காதில் 'பிளக்' வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பழைய கதைதான். விசில் கேட்காது!

காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளத்தில் இறங்கவே கூடாது.

பில் வாங்குங்க!

* பில் இல்லாமல் வாங்காதீர்கள். தண்ணீரால் கெட்டால் கேரண்டி உண்டா என்று முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

* பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். தண்ணீருக்குள் விரல்தான் கண்!

* நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் முனை அரித்துப் போகும்.

* ஏமாந்து விட்டால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

பாரிமுனை குமாஸ்தா இப்போது எலும்பு வழிக் கருவி ஒன்றைப் பில்லோடு வாங்கி இருக்கிறார். காதில் பிளக் வைப்பதில்லை. சத்தத்தைப் பாதியில்தான் வைக்கிறார். ஒவ்வொரு தடவை சுவரைத் தொடும்போதும் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்துக் கொள்கிறார்.

மூங்கில் கழியோடு அன்று குளத்தைச் சுற்றி ஓடிய காவலரிடம், நீந்துகிறவர்கள் பாட்டு கேட்கலாமா என்று கேட்டோம்.

"தாராளமா கேக்கட்டும் சார். நான் வேணாம்னு சொல்லலே. காதுல மாட்டியிருக்கேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கட்டும். பாட்டும் கேக்கணும், என் விசிலும் கேக்கணும். அவ்வளவுதான்!" என்றார் அவர்.