கேழ்வரகும் கன்னியர் எலும்பும்

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் ஆலயத்துக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. சென்ற விடுமுறையில் நமது வகுப்பு மாணவிகள் சிலருடன் அங்கே போயிருந்தோம். இறங்கும்போது இருந்த உற்சாகம் ஏறும்போது இல்லை. பாதி வழியில் பதினாறு வயதுப் பெண்கள் முழங்காலைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார்கள். அவர்களைத் தாண்டி மலையாளி மூதாட்டி ஒருத்தி, தலைச்சுமையோடு நிதானமாக ஏறிப் போனாள். (மலையாளி என்றால் இங்கே கேரளத்தார் அல்லர், இம்மலையின் பழங்குடிகள்.)

ஒரு கிழவியை வைத்துச் சாஸ்திரம் எழுத முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆயினும் காரணத்தை யோசித்துப் பார்க்கலாம். எலும்பு உயிருள்ள பொருள். நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் வளர்வது. அதன் பலத்தில் பெரும் பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. முப்பதுக்குப் பிறகு அந்த முதலைக் காக்கலாமே தவிர, அதிகம் பெருக்க இயலாது. மாதவிடாய் நின்றதும் அது வேகமாகக் கரையத் தொடங்கும்.

வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கூறிய கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் அது ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியிலோ பத்துக்குக் கிட்டத்தான். சிறுதானியம் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிட வேண்டாம். இம்மலையில் பேர்போன சாமையும் இந்த விஷயத்தில் அரிசிக்கு உறவுதான்.

மலையிலும் காலம் மாறிவிட்டது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி, கேழ்வரகு விளைந்த நிலங்களையும் சாமை விளைந்த நிலங்களையும் பிடித்துக் கொண்டது. சாமையை உரலில் குத்தி மாய்ந்தவர்கள் பெண்கள். ஆகவே அதைக் கைவிட்டதற்காக அவர்களை நாம் குறை சொல்லோம். 1990-களில் இங்கே பணி தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமங்களில் வைத்தபின் அந்தப் பாடு சற்றுக் குறைந்தது.

ஆகாரம் மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அதைத் தருவது பெரும்பாலும் வெயில். நம் வீடுகளிலோ, நிறம் கறுத்துவிடும் என்று பெண்ணை வெயிலில் விடுவதில்லை! பாண்டியும் கயிறு தாண்டுதலும் எலும்பைத் திடப்படுத்தும் ஆட்டங்கள். பெண் பெரியவளானதும் அவற்றை நிறுத்திவிடுகிறோம். எலும்பு மும்முரமாக வளரும் பருவமோ அதுதான். மெலிய வேண்டுமென்று காலை ஆகாரத்தைத் துறக்கும் மாணவிகளையும் வகுப்பில் காண்கிறோம். பட்டினியால் மாதவிடாய் தப்பினால் எலும்புக்கும் நஷ்டமே.

திரும்பும் வழியில் ஒரு மாணவி இரண்டு படி கேழ்வரகு வாங்கி வந்தாள். "களி கிண்ட இங்கே யாருக்குத் தெரியும்?" என்று அவளுடைய தாயார் நம்மிடம் கேட்டார். பாட்டிக்குத் தெரியுமாம்.