நாருக்குள் ஒரு சுருள்

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபண்ட் காரை ‘அட்டைப்பெட்டி’ என்று கேலி செய்வார்கள். இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. பஞ்சுக் கழிவை ஃபீனால் பிசினோடு அழுத்தி அதன் வெளித்தகடுகளைச் செய்தார்கள். வேறு வழியில்லாமல் பிறந்த அந்த உத்தி இன்று விலையுயர்ந்த கார்களுக்குள் புகுந்துவிட்டது. 2013இல் வந்த பி.எம்.டபிள்யூ ஐ3 மின்காரின் கதவு உட்பலகையில் இருப்பது கெனாஃப் நார். புளிச்சக்கீரை இனத்துச் செடி.

இப்படி நாரையும் பிசினையும் சேர்த்துச் செய்வதைக் கூட்டுப்பொருள் என்பார்கள். இழுவையை நார் தாங்கும். நார்களைப் பிடித்துவைத்துப் பளுவைப் பகிர்ந்து கொடுப்பது பிசினின் வேலை. ஃபைபர் படகில் அந்த நார் கண்ணாடி இழை. அதை இழுக்க மணலைச் சுமார் 1400 டிகிரியில் உருக்க வேண்டும். ஆளிச் செடியின் தண்டை ஊறவைத்து உரித்தாலே நார் கிடைத்துவிடும். அடர்த்தியும் கண்ணாடிக்கு 2.5 என்றால் ஆளிக்கு 1.5தான். எடைக்கு எடை பார்த்தால் விறைப்பில் ஆளி சளைத்ததல்ல.

எல்லா நாரும் ஆளியாகிவிடாது. தேங்காய் மட்டையிலிருந்து ஒரு நாரை உருவி இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறாது, கொஞ்சம் நீண்டு கொடுத்துத்தான் அறும். நாரின் சுவருக்குள் செல்லுலோஸ் இழைகள் ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கின்றன. ஆளியில் அந்தச் சுற்று நாரின் நீளவாக்கிலிருந்து 10 பாகைக்குள்தான் சாய்ந்திருக்கும். அதனால் விறைப்பு அதிகம், இரண்டு மூன்று விழுக்காடு நீண்டதும் அறுந்துவிடும். தென்னையில் சாய்வு 30 பாகைக்கும் மேல். 15 விழுக்காட்டைத் தாண்டியும் நீளும். விறைப்பான பலகைக்குத் தென்னை நாரைத் திணிப்பது வீண்வேலை என்பேன்.

எல்லா நாருக்கும் பொதுவான தலைவலி தண்ணீர். செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும், பிசின் விரட்டும். ஈரத்தில் நார் ஊதி, காய்ந்ததும் சுருங்க, இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். காஸ்டிக் சோடாவில் அலசினால் நாரின் மேல்பரப்பு சொரசொரப்பாகிப் பிசின் நன்றாகப் பற்றும். ஈரம் முற்றிலும் தீராது. வெப்பமும் ஆகாது: 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். அதனால்தான் சுமார் 165 டிகிரியில் உருகும் பாலிபுரொப்பிலீனோடு ஜோடி சேர்க்கிறார்கள். அதுவோ பெட்ரோலியத்தின் பிள்ளை. நார் செடியிலிருந்து வந்தது என்பதற்காக அந்தப் பலகை மண்ணில் மக்கிவிடாது.

பெட்ரோலியத்தை நம்பாத வகையில் ரப்பரைஸ்டு காயர் மெத்தை தேவலை. தென்னை நாரைக் கயிறாக முறுக்கிவைத்துப் பிரித்தால் சுருள் நிற்கும். அதன்மேல் ரப்பர் பால் தெளித்து, அழுத்தி, கந்தகத்தின் துணையோடு சூட்டில் பதப்படுத்துகிறார்கள். நாரும் மரத்தினது, ரப்பர் பாலும் மரத்தினது. கதவுப் பலகைக்கு ஆகாத அந்த நீளும் குணம்தான் இங்கே மெத்தையின் துள்ளல்.