வாடகைக் காரில் கீறல்: யார் பொறுப்பு?

விடுமுறை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிவருவோரின் கார்களை நிறையப் பார்க்கலாம். கோவளம், மாமல்லபுரம் என்று சுற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தகராறு வருகிறது. பம்பரில் கீறல், வீல் கப் ஒன்று குறைகிறது, டிக்கியில் ஜாக்கியைக் காணோம். "வண்டி உங்களிடம்தானே இருந்தது?" என்று கேட்டு, முன்பணத்தில் கழித்துக்கொள்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே படும். ஆனால் வண்டி யார் கையில் இருந்தது என்பதை மட்டும் வைத்துச் சட்டம் பொறுப்பை முடிவு செய்வதில்லை. அவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதே கேள்வி.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. விவேகமுள்ள சாதாரண மனிதர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ, அவ்வளவு கவனத்தைப் பிரிவு 151 எதிர்பார்க்கிறது. அப்படி வைத்திருந்தும் பொருள் சேதமானாலோ தொலைந்தாலோ, வேறு தனி உடன்பாடு இல்லாதவரை, வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பல்ல என்கிறது பிரிவு 152. வாடகைக்கு விட்ட பொருளில் இருந்த கோளாறால் தீங்கு நேர்ந்தால், அந்தக் கோளாறு உரிமையாளருக்குத் தெரியாவிட்டாலும் அவரே பொறுப்பு என்பது பிரிவு 150. ஆகவே, கடற்கரை மணலில் காரை இறக்கி அடிப்பாகத்தை உடைத்தவர் பணம் கட்டத்தான் வேண்டும். உப்புக் காற்றில் நாள்பட்டுத் துருவேறிய சைலன்சர் கழன்று விழுந்தால் அதை ஓட்டியவர் தலையில் கட்ட முடியாது. இயல்பான தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்கப்படுகிறது.

"எல்லாச் சேதத்துக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்பார்கள். கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, எல்லையும் உண்டு. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய அபராதம் எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது பிரிவு 74. மிதமிஞ்சிய முன்பணத்தையும் இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தொகையையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. கடன் வாங்கிக் கார் வாங்கிய உரிமையாளர் என்ன செய்வார் என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. அவர் கண்ணில் படாத இடத்தில்தான் வண்டி ஓடுகிறது. அதனால்தான், கவனமாக இருந்ததைக் காட்டும் சுமையை நீதிமன்றங்கள் வாடகைக்கு எடுத்தவர் மீதே வைக்கின்றன. சட்டம் இரு தரப்பையும் எடைபோட்டே பேசுகிறது.

எனவே சாவி கைமாறும்போதே வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பழைய கீறல்கள் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால் காப்பீடு கைவிடக்கூடும். உங்கள் கவனக்குறைவால் வந்த சேதத்துக்குத் தயங்காமல் பணம் கொடுங்கள். ஆதாரமே இல்லாமல் முன்பணத்தைப் பிடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுங்கள்.