தொற்றுத்தடுப்பின் செலவு யார் கணக்கில்?

மன்னார்த் தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது, அகலமும் மிகுதியன்று. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் இக்கடலைத் தோணிகளிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை ஆகிய ஊர்களின் வழியே மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தனர். வழியிற் குடிநீர் அரிது. தங்குமிடமும் வைத்தியரும் அதனினும் அரிது. வாந்திபேதியும் அம்மையும் அவர்களைத் தொடர்ந்தன. 1841 முதல் 1849 வரை, இவ்வாறு வந்தோரில் 70,000 பேர் மாண்டிருக்கலாமெனக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. அத்தொகையை அப்படியே ஏற்காதாரும் உளர். எனினும் இறந்தோர் தொகை பெரிதென்பதை மறுப்பாரிலர்.

இவ்வரலாற்றில் நாணயக் கணக்கொன்றும் உண்டு. பாதையோரத்திற் கிணறு வெட்டவும் கொட்டகை கட்டவும் வைத்தியரை அமர்த்தவும் பணம் வேண்டும். அப்பணத்தைச் செலவிடாத தோட்டத்துக்கு அது இலாபமாகவே தோன்றிற்று. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. தொழிலாளியின் வழிச்செலவு கங்காணியின் கணக்கிற் கடனாக எழுதப்பட்டது. உழைக்கும் மகனை இழந்த குடும்பம் இராமநாதபுரத்துச் சிற்றூரில் வறுமையுற்றது. நோய் பாதையோரக் கிராமங்களுக்கும் பரவியது. சேமித்தவன் ஒருவன், இறுத்தவர் வேறு பலர். 1914-இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகையிரதத்தோடிணைந்த கப்பற் சேவை தொடங்கிய பின்னர், இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், தொற்றுத்தடுப்பு முகாம் நடத்தி, தொழிலாளரைச் சில நாட்கள் மறித்து வைத்துச் சோதித்து அம்மைப்பால் குத்தியே அனுப்பிற்று. அம்முகாமில் மறிக்கப்பட்டோர் பட்ட இன்னல் தனிக் கதை. தனியார் கணக்கேட்டில் இடம்பெறாத செலவொன்று பொதுக் கணக்கேட்டில் எழுதப்பட்டது என்பதே ஈண்டு கருதத்தக்கது.

பெருந்துறை ஒன்றிற்குப் பொருந்திய இக்கணக்கு, நாற்காலி ஒன்றே உள்ள பற்சிகிச்சை அறைக்கும் பொருந்தும். அங்கும் தடுப்பிற்கான செலவு வைத்தியரின் ஏட்டில் விழுகின்றது. தடுப்பைக் கைவிட்டதன் செலவோ பிறர் ஏட்டில் விழுகின்றது.

பல்வைத்தியரின் கருவி ஒவ்வொன்றும் உமிழ்நீரிலும் குருதியிலும் தோய்வது. பி வகை ஈரலழற்சியை உண்டாக்கும் நுண்கிருமி, உலர்ந்த மேற்பரப்பிலும் ஏழு நாள் வரை உயிர்த்திருக்கவல்லது. கருவியைக் கொதிநீரில் இட்டெடுத்தாற் போதும் என்னும் பழைய வழக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. சில கிருமிகளின் வித்திகள் 100 பாகை வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கின்றன. ஆதலின் ஓட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கலத்தில், அமுக்கத்தின் கீழ், 121 பாகையில் 15 நிமிடமோ 134 பாகையில் 3 நிமிடமோ கருவிகள் இருத்தல் வேண்டும். கலம் சூடேறுவதற்கும் கருவிகள் உலர்வதற்கும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி ஆகலாம்.

செலவின் வேர் இந்த ஒரு மணியிலேதான் உள்ளது. மணிக்கு நான்கு நோயாளரைப் பார்க்கும் வைத்தியரிடம் குறைந்தது எட்டுக் கருவித் தொகுதிகள் இருத்தல் வேண்டும். நான்கு வாயில் உழைக்கும்போது நான்கு கலத்தில் இருக்கும். நான்கு தொகுதிகளே உள்ளவர் ஒன்றில் நோயாளரைக் காக்க வைக்கவேண்டும், அன்றேல் கருவியைத் துடைத்து மீளப் பயன்படுத்த வேண்டும். பல்லைக் குடையும் சுழற்கருவியின் நிலை இன்னும் கடினமானது. அது நிற்குங்கால் வாயிலுள்ள நீர்மத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளக்கூடும். எனவே ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் வெப்பத்தாற் கிருமி நீக்கப்பட வேண்டும். அவ்வெப்பமோ கருவியின் ஆயுளைக் குறைக்கும். மேலே துடைத்து வைத்தாற் கருவி நெடுங்காலம் உழைக்கும். வைத்தியரின் ஆண்டுச் செலவும் குறையும். விதியை மீறுவோர் யாவரும் அறியாமையால் மீறுகின்றனர் என்று கொள்வதற்கில்லை. அன்றாடக் கணக்கு அவர்களை அவ்வழியே தள்ளுகின்றது.

இவ்வாறு தள்ளப்படுவதன் விளைவைத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒன்று தெளிவாகக் காட்டுகின்றது. திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடியில், பற்சிகிச்சை நிலையமொன்றிற் சிகிச்சை பெற்றோர் பலர் 2023-ஆம் ஆண்டளவிற் கடும் மூளைத் தொற்றுக்கு ஆளாயினர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையினரும் பிறரும் ஆராய்ந்த முடிவுகள் 2025-இல் வெளியாயின. மெலியோயிடோசிஸ் என்னும் நோய் மூளையைத் தாக்கிய 21 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவருள் 10 பேர் அந்நிலையத்தோடு தொடர்புற்றோர். அப்பதின்மருள் எண்மர் இறந்தனர். ஏனைய 11 பேருள் இறந்தவர் ஒருவரே.

இந்நோய்க் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்வது. பெரும்பாலும் மழைக்காலத்தில், வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரைத் தோற்புண் வழியாகத் தாக்குவது. அது பல்வைத்தியரின் அறைக்குள் எவ்வாறு புகுந்தது? வாய்ப்புண்ணைக் கழுவும் உப்புக் கரைசற் போத்தலைத் திறப்பதற்கு, ஈறை விலக்கப் பயன்படும் கருவி ஒன்று கையாளப்பட்டது. திறந்த போத்தல் பஞ்சினால் அடைக்கப்பட்டு, கரைசல் தீரும்வரை ஒருவர் பின் ஒருவருக்குப் பயன்படுத்தப்பட்டது. பயன்பாட்டிலிருந்த போத்தலொன்றில் அக்கிருமியின் தடயம் கண்டறியப்பட்டது. மீதிக் கரைசலைக் கொட்டிவிட்டு, அடுத்தவருக்குப் புதிய சிறு போத்தலைத் திறந்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அற்பமானது. கிருமி நீக்கும் கலம் கூட இதற்கு வேண்டியதில்லை.

அப்போத்தலின் விலைக்கு எதிராக வைக்கவேண்டியது யாது? உயிருக்கு விலை கூறல் தகாது. பிழைத்தவருக்கான செலவையேனும் நோக்குவோம். மூளையைத் தாக்கிய மெலியோயிடோசிசுக்கு, நாளத்தின் வழியாக உயர்தர நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாரக்கணக்கில், சிலருக்கு இரண்டு மாதம் வரையும், செலுத்தவேண்டும். அதன்பின் மாத்திரைகளை ஆறு மாதமளவு உட்கொள்ளவேண்டும். அத்தனை நாளும் கட்டிலருகே ஒருவர் இருக்கவேண்டும். அவருடைய கூலியும் நின்றுபோகும். இவற்றில் ஒரு காசும் போத்தலைச் சேமித்தவரின் ஏட்டில் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை.

எவரும் நோயுற்றது உறுதிப்படாத இடத்திலுஞ் செலவு நேர்வதுண்டு. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியிற் பல்வைத்தியர் ஒருவர் கையுறையையும் கருவியையும் மாற்றாது நோயாளரைப் பார்த்தமை மறைவான ஒளிப்படக் கருவியிற் பதிவாகியது. 2014-இல் அவரிடம் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 22,000 பேருக்குச் சோதனைக்கு வருமாறு அறிவித்தல் விடுக்க நேர்ந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குருதி கொடுத்தனர். அமெரிக்காவின் டல்சா நகரில் 2013-இல் ஏறத்தாழ 7,000 பேருக்கு இத்தகைய அறிவித்தல் சென்றது. கடிதம், குருதிச் சோதனை, ஆய்வுகூடம், தொலைபேசியில் மறுமொழி கூறும் தாதியர் ஆகிய யாவும் பொதுப் பணத்தில் நிகழ்ந்தவை. டல்சாவில் ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு சி வகை ஈரலழற்சி பரவியமை கிருமியின் மரபுக்கூறு கொண்டு நிறுவப்பட்டது. அந்நோயைத் தீர்க்கும் புதிய மருந்தொன்று அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒருவருக்கான முழுச் சிகிச்சையின் விலை 84,000 டொலர். இந்தியாவில் அம்மருந்து பின்னர் மிகக் குறைந்த விலையில் ஆக்கப்பட்டது நம்மனோர்க்கு ஆறுதல்.

இனி, மன்னாருக்கு மீள்வோம். இக்கரையிற் பல்வைத்தியம் செய்வோர்க்கு வேறு இடங்களிலில்லாத இடர்கள் சில உள. முதலாவது நீர். தீவு மணற்பாங்கானது, மணலின் கீழுள்ள நன்னீர்ப் படை மெல்லியது, பல கிணறுகளில் நீர் உவர்க்கும். நீராவிக் கலத்துக்கு வடித்த நீரே ஏற்றது. கிணற்று நீரை வார்த்தாற் சுண்ணாம்பு படியும்; உவர்நீரிலுள்ள குளோரைட்டு துருவேறா உருக்கையுங் குழிபறிக்கும். குழி விழுந்த கருவியின் நுண்துளைகளிற் குருதி தங்கும். அதன்பின் எவ்வளவு கழுவினும் பயன் குறைவு. கொழும்பில் ஒரு சில்லறைச் செலவாகத் தோன்றும் வடித்த நீர், பேசாலையிலோ வங்காலையிலோ சிகிச்சை நிலையம் வைப்பவருக்குத் தனியே எண்ணிப் பார்க்கவேண்டிய செலவாகும்.

இரண்டாவது மின்சாரம். 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின் தடைப்பட்டது. கலத்தின் சுற்று நடுவே நின்றாற் சென்ற நேரம் கணக்கிற் சேராது. தொடக்கத்திலிருந்து மீள நடத்தவேண்டும். மருந்துகளும் இறக்குமதி வைத்தியப் பொருட்களும் அவ்வாண்டிலேயே தட்டுப்பட்டன. தட்டுப்பாட்டுக் காலத்தில் எதைக் குறைப்பது என்ற வினா எழும்போது, பயன் கண்ணுக்குத் தெரியாத பொருளே முதலிற் குறைக்கப்படும். பஞ்சு இல்லையேற் குருதி ஒழுகுவது உடனே தெரியும். கருவியிற் கிருமி இருப்பது தெரியாது.

மூன்றாவது மண்ணின் இயல்பு. மெலியோயிடோசிஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1927-இலேயே அது பதிவாகியுள்ளது. அண்மை ஆய்வுகள் அது இத்தீவின் பல பாகங்களிலும் உண்டெனக் காட்டியுள்ளன. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் இறங்குவோர் மன்னார்ப் பெருநிலத்திற் பலர். சேறும் கிணற்று நீரும் ஒருபுறம், திறந்த வாய்ப்புண் மறுபுறம் இருக்க, இரண்டிற்கும் நடுவே நிற்பது முத்திரை உடையாத ஒரு போத்தலே.

அரசாங்க வைத்தியசாலையிற் பற்சிகிச்சை இலவசமாதலின், இந்நாட்டில் கணக்கு மேலும் ஒரு திருப்பம் பெறுகின்றது. தனியார் நிலையத்திற் சேமிக்கப்பட்ட காசின் விளைவு நோயாக மாறும்போது, அந்நோயாளி சென்று படுப்பது பெரும்பாலும் அரசாங்கக் கட்டிலிலேயே. பொதுமக்களின் வரிப்பணம் அச்சேமிப்புக்கு ஈடு செய்கின்றது. ஆகவே தனியார் நிலையங்களைச் சோதிக்கும் அதிகாரிகளின் சம்பளத்தை வீண்செலவெனக் கருதுதல் பொருந்தாது. சோதனைக்குரிய கருவியும் விலையுயர்ந்ததன்று. வெப்பந்தாங்கும் வித்திகள் ஏற்றிய சிறு காகிதப் பட்டையொன்றைக் கருவிகளோடு கலத்திலிட்டு எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்ப்பூடகத்தில் வைத்தாற் போதும். வித்தி முளைத்தாற் கலம் பழுது. முளையாவிடிற் கலம் செம்மை. மன்னாரிலிருந்து அப்பட்டையை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பலாம்.