உள்ளேயா, வெளியேயா? தொட்டால் திறக்கும் படங்களின் கணிதம்

மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபினிக் கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. புவிசார் குறியீடு பெற்ற ரசபாளை வாழைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு வாழைத் தோட்டத்தில் நின்று கர்நாடகத்தின் ‘திஷாங்க்’ செயலியைத் திறந்தால், காலடியில் உள்ள நிலத்தின் சர்வே எண் திரையில் வந்துவிடும். கர்நாடக மாநிலத் தொலையுணர்வுப் பயன்பாட்டு மையம், கிராம நில வரைபடங்களைக் கணினியில் ஏற்றி உருவாக்கிய செயலி இது. ஒவ்வொரு சர்வே எண்ணும் அதில் ஒரு பலகோணம். நாம் நிற்கும் இடம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எந்தப் பலகோணத்துக்குள் விழுகிறது என்று பார்த்துத்தான் செயலி பதில் சொல்கிறது.

இணையப் பக்கத்தில் ஒரு படத்தின் ஒரு பகுதியைத் தொட்டதும் அதற்குரிய பக்கம் திறப்பதும் இதே கணக்கில்தான். இதற்கு இமேஜ் மேப் என்று பெயர். 1993-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் புட்ஸ் உருவாக்கிய உலக வரைபடம் தொடக்க கால உதாரணம். வரைபடத்தில் சொடுக்கினால், அந்த இடத்தின் ஆய எண்கள் தொலைவில் உள்ள சர்வருக்குப் போகும். சர்வர் புதுப் படத்தை வரைந்து அனுப்பும். ஒவ்வொரு சொடுக்குக்கும் இந்தப் பயணம் தேவைப்பட்டது. எல்லைகளைப் பக்கத்திலேயே எழுதிவைத்து, பிரவுசரே கணக்குப் போடும் முறையை ஸ்பைகிளாஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் சீட்மன் முன்வைத்தார். அது 1996 ஆகஸ்டில் ஆவணமாக வெளிவந்தது. இன்றும் அதே முறைதான்.

நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் முகப்புப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 800 பிக்சல், உயரம் 600 பிக்சல். பள்ளிக்கூட வரைபடத் தாளில் y அச்சு மேல்நோக்கி வளரும். திரையிலோ படத்தின் இடது மேல் மூலைதான் பூஜ்யம், கீழே இறங்க இறங்க எண் கூடும். ஏழு நிலை ராஜகோபுரம் மேலே குறுகிக் கீழே அகலும். அதன் நான்கு மூலைகள் 350, 50; 450, 50; 500, 400; 300, 400 என்று வைப்போம். இந்த எட்டு எண்களையும் இணையப் பக்கத்தின் நிரலில் ‘ஏரியா’ என்ற குறிச்சொல்லில் எழுதி, தொட்டால் திறக்க வேண்டிய பக்கத்தின் முகவரியையும் சேர்த்தால் போதும். கோபுரம் தொடுவதற்குத் தயார். செவ்வகம், வட்டம், பலகோணம் என மூன்று வடிவங்களுக்கு இதில் இடமுண்டு. வட்டத்துக்கு மையமும் ஆரமும் போதும். விரல் பட்ட இடம் உள்ளே இருக்கிறதா என்பதைப் பிதாகரஸ் தேற்றம் சொல்லிவிடும்.

பலகோணத்துக்குத்தான் அழகான வழி இருக்கிறது. தொட்ட புள்ளியிலிருந்து வலப்பக்கம் முடிவில்லாமல் நீளும் ஒரு கோடு வரையுங்கள். அது எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. கோபுரத்தின் நடுவே 400, 200 என்ற இடத்தைத் தொட்டால், கோடு வலது ஓரத்தை மட்டும் ஒருமுறை வெட்டும், எனவே உள்ளே. இடப்பக்க வானத்தில் 200, 200-ஐத் தொட்டால் இரண்டு ஓரங்களையும் வெட்டும், எனவே வெளியே. மதில் சூழ்ந்த தோட்டத்தில் ஒவ்வொரு முறை சுவரைத் தாண்டும்போதும் உள்ளே இருப்பவர் வெளியேயும், வெளியே இருப்பவர் உள்ளேயும் ஆகிவிடுவது போலத்தான் இது. எல்லை எத்தனை முறை வளைந்து நெளிந்தாலும் விதி மாறாது. அதனால்தான் கபினியின் வளைவுகளை ஒட்டிய கோணல்மாணலான வயலுக்கும் இதே எண்ணிக்கை பொருந்துகிறது.

செய்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், முதலில் எழுதப்பட்டதற்கே முன்னுரிமை. ஆகவே கோபுரத்தின் எல்லைக்குள் ஒரு மாடத்தைத் தனியாகக் குறிப்பதானால் மாடத்தை முதலிலும் கோபுரத்தைப் பிறகும் எழுத வேண்டும். அடுத்தது கைபேசிச் சிக்கல். 800 அகலப் படம் சிறிய திரையில் 400 ஆகச் சுருங்கும். எழுதிவைத்த எண்கள் சுருங்குவதில்லை. கோபுரத்தின் உச்சி கண்ணுக்கு 200-இல் தெரிய, கணக்கோ 400-இலேயே நிற்கும். எண்களைத் திரைக்கேற்ப மாற்றும் சிறு நிரல் எழுதலாம். அல்லது எஸ்விஜி எனப்படும் கோட்டுப்பட முறையில் வடிவங்களை வரைந்துவிட்டால் படத்தோடு எல்லையும் சேர்ந்தே சுருங்கும், விரியும்.

ஒவ்வொரு பகுதிக்கும் மாற்று வாசகம் எழுதுவது எல்லாவற்றிலும் முக்கியம். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் மென்பொருள் அந்த வாசகத்தைத்தான் படித்துக் காட்டுகிறது. ‘இங்கே அழுத்துக’ என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ‘ராஜகோபுரம்: வரலாறு’ என்று எழுதினால் பார்க்கிறவர்கள் பெறுவதை அவர்களும் பெறுவார்கள். இதை விட்டுவிட்டுச் செய்யும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அரைகுறை வேலைதான்.

தமிழ் வாசகர்களுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு நெருக்கமான வாய்ப்பு உண்டு. அந்தக் கோயிலில் 63 நாயன்மார்களின் திருவுருவங்கள் இருக்கின்றன. அவர்கள் வரிசையைக் கோட்டோவியமாக வரைந்து, ஒவ்வொருவரைச் சுற்றியும் எல்லை குறித்தால், கண்ணப்பரைத் தொட்டால் கண்ணப்பர் வரலாறு, காரைக்கால் அம்மையாரைத் தொட்டால் அம்மையார் வரலாறு என்று தமிழிலும் கன்னடத்திலும் திறக்கச் செய்யலாம். விலையில்லாத கிம்ப் மென்பொருளில் படத்தின் மேல் எல்லையை வரைந்தாலே எண்களை அதுவே எழுதித் தரும். பள்ளிக் கணினி அறையில் மாணவர்களே செய்யக்கூடிய வேலை.

ஆனால் கணிதம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எல்லை தவறாக வரையப்பட்டிருந்தால் பதிலும் தவறாகவே வரும். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகலாம். வரப்போரம் நிற்பவருக்குப் பக்கத்து நிலத்தின் எண்ணைச் செயலி காட்டிவிடலாம். எல்லைத் தகராறுக்கு அதை ஆதாரமாக வைக்க முடியாது. சர்வேயர் வந்து அளக்கத்தான் வேண்டும். கோயில் படத்திலும் அப்படியே. எந்த உருவம் எந்த நாயனார் என்று தெரிந்தவர் அருகில் இல்லாமல் கோடு இழுத்தால், ஒருவர் கதை இன்னொருவர் பெயரில் உலகம் முழுக்கப் போய்ச் சேரும். புள்ளி உள்ளே இருக்கிறதா என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். உள்ளே இருப்பது யார், யாருடையது என்பதை ஊரை அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் ஊருக்கு இப்படி ஒரு படம் செய்ய நினைத்தால், முதலில் ஊர்ப் பெரியவர்களையும் ஓதுவார்களையும் கிராமக் கணக்கு தெரிந்தவர்களையும் போய்ப் பாருங்கள். நிரல் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குள் வைக்க வேண்டிய செய்தி அவர்களிடம்தான் இருக்கிறது.