பதிவேட்டில் யார் பெயர்? சிக்கன நாணயச் சங்கமும் தூய்மைப் பணியாளர்களும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் வழக்கமாக அரசியலும் இலக்கியமும் பேசுகிறோம். இம்முறை கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பது உக்கடத்தில் வாழும் நமக்குச் சோற்றுக் கேள்வி.

விடியும் முன் இரண்டு பெண்கள் ஒரே தெருவைக் கூட்டுகிறார்கள். ஒருவர் நிரந்தரப் பணியாளர், மற்றவர் ஒப்பந்தப் பணியாளர். முதலாமவர் சங்க உறுப்பினர். மாதந்தோறும் சம்பளத்தில் சிக்கன வைப்பும் கடன் தவணையும் பிடித்தமாகின்றன. மகள் கல்யாணத்துக்குச் சங்கத்தில் கடன் கேட்கலாம். இரண்டாமவர் போவது தண்டல்காரரிடம். அடமானமாக அவர் கொடுப்பது ஏ.டி.எம். அட்டை. சம்பளம் ஏறும் நாளில் தண்டல்காரரே பணத்தை எடுத்து, வட்டி போக மீதியைக் கையில் தருகிறார். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஆனால் அட்டையை அடகு வைத்ததற்கு எந்தக் காகிதமும் இல்லையே!

இரண்டாமவர் ஏன் சங்கத்தில் சேர முடியவில்லை? பணியாளர் சங்கங்களின் துணைவிதிகள் பொதுவாக அந்த நிறுவனத்தில் நேரடியாகச் சம்பளம் வாங்குவோரையே உறுப்பினராக ஏற்கின்றன. தவணையைச் சம்பளத்தில் பிடித்துத் தர ஒரு அலுவலகம் வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஒப்பந்தப் பணியாளருக்கு முதலாளி ஒப்பந்தக்காரர். டெண்டர் மாறினால் அவரும் மாறுவார். துணைவிதியில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்குவோரில் பெரும்பாலோர் அருந்ததியர். சாதியை எழுதாத விதி சாதியின் வேலையைச் செய்துவிடுகிறது.

சாதியை எழுதியே வைத்த காலமும் உண்டு. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், ஒரே ஊரில் வசிக்கும் பத்துப் பேரோ, பதிவாளரின் அனுமதியோடு ஒரே குலம், வகுப்பு அல்லது சாதியைச் சேர்ந்த பத்துப் பேரோ சங்கம் அமைக்கலாம் என்றது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலில் தொழிலையும் சேர்த்தது. ஒருவரையொருவர் அறிந்தவர்களே ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள் என்பது ஜெர்மனியில் ரைஃபைசன் வளர்த்த கருத்து. சென்னை மாகாண அரசுக்காக 1895லும் 1897லும் அறிக்கை தந்த ஃபிரடெரிக் நிக்கல்சன் அதைத்தான் இங்கே பரிந்துரைத்தார். ஜெர்மன் கிராமத்தில் அது பொருந்தியிருக்கலாம். நம் கிராமத்தில் அறிந்தவர் என்றால் ஒரே தெருக்காரர், தெரு என்றால் சாதி. ஊருக்கு ஒரு சங்கம் வந்தபோது சேரி வெளியே நின்றது. 1920களில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென்று சங்கங்களை அமைத்தது. வீட்டு மனைக்கான பணத்தைத் தவணையில் திரும்பப் பெறுவது அவற்றின் முக்கிய வேலை. ஆக, கூட்டுறவுக்குள் நம்மில் பலர் நுழைந்ததே கடனாளியாகத்தான்.

இப்போது நடைமுறையில் உள்ள தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. அதன்படி உறுப்பினர் என்பவர் பங்குத்தொகை செலுத்திய உரிமையாளர். பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் பேரவையில் ஒரு வாக்குதான். அரசியலில் சமத்துவம், பொருளாதாரத்தில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். பணமும் வாக்கும் ஒரே மேசையில் சமமாக உட்காரும் சிறிய இடம் கூட்டுறவுப் பேரவை. அதனால்தான் “இணை உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளுங்கள், கடன் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் நாம் யோசிக்க வேண்டும். இணை உறுப்பினருக்கு வாக்கும் இல்லை, நிர்வாகத்தில் இடமும் இல்லை.

முதலாளி இல்லாதவர்கள் சங்கம் நடத்த முடியுமா? 1974இல் அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுக் கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு எப்படிக் கணக்குத் திறப்பது என்று கேள்வி வந்தது. புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் அதற்குப் பதிலானது. சம்பளப் பிடித்தம் இல்லாத இடத்தில் வீடு தேடிப் போய்ச் சேமிப்பை வசூலித்தார்கள்.

நாமும் தொடங்கலாம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 25 பேர் இருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தொடங்குவதைவிட உறுப்பினர் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பதே கடினம். நாங்கள் கண்டவற்றிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

துணைவிதியில் தகுதியைத் தொழிலை வைத்து எழுத வேண்டும், முகவரியை மட்டும் நம்பக் கூடாது. மேம்பாலத்துக்காக சி.எம்.சி. காலனி வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளுக்குப் போனதை நாம் பார்த்தோம். தெருவை நம்பிய உறுப்பினர் உரிமை தெருவோடு போய்விடும். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும் பழக்கம் வேண்டும். வாய்மொழி மறுப்பில்தான் சாதி ஒளிந்துகொள்ளும். பாஸ்புக் உறுப்பினரின் கையிலேயே இருக்க வேண்டும். தலைவர் வீட்டு பீரோவில் அடுக்கி வைத்த பாஸ்புக்கும் அடகு போன ஏ.டி.எம். அட்டையும் ஒன்றுதான். தவணை தவறியவரின் பெயரை உடனே அடிக்காமல், ஏன் தவறினார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளம் போடாத மாதத்துக்கு அவர் என்ன செய்வார்? அதே நேரம் ஜாமீன் நின்றவருக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.

வாரிசு நியமனம் மிக முக்கியம். எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, ஒரு சங்கத்தில் பல ஆண்டுகள் சேமித்து, பணியிலிருக்கும்போதே இறந்துபோனார். வாரிசுப் பத்தி காலியாக இருந்தது. சேர்த்துவிட்டவர்கள் கேட்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவருடைய மகள் சான்றிதழ் சான்றிதழாக அலைந்தாள். அந்த அலைச்சலுக்கே கடன் வாங்கினாள், வட்டிக்கு. ஆண்டுக்கு ஒருமுறை பேரவை கூடும் நாளில் ஒவ்வொருவரின் பதிவையும் அவரவர் முன்னால் உரக்க வாசித்துச் சரிபார்த்திருந்தால் இது நடந்திருக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கும் சங்கத்தில் உரக்க வாசிப்பதுதான் தணிக்கைக்கு முந்தைய தணிக்கை.

பணி நிரந்தரம் கேட்டு நடக்கும் போராட்டத்துக்கு இது மாற்று ஆகாது. அந்தப் போராட்டம் நீளும்; நீளும் காலமெல்லாம் அட்டை தண்டல்காரரிடம் இருந்தால் போராடுகிறவர் வேலை நிறுத்தத்தில் எத்தனை நாள் தாங்குவார்? அவர் தாங்க வேண்டுமென்றால் அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நாம் எழுதத் தொடங்குவோம்.